உபதேசியார் கூவாத தவக்காலம்

கோயில் மணி அடித்து ஓய்ந்தது. அதன் பிறகு வரவேண்டிய சத்தம் வரவில்லை.

நான் கட்டிலில் எழுந்தமர்ந்து காத்திருந்தேன். எங்கள் ஊரில் விடியற்காலை மணி அடித்தால், அதன் கடைசி அதிர்வு அடங்குவதற்குள் என் கொல்லையில் சேவல் கூவிவிடும். அது கூவிய பின்புதான் நான் காலைத் தரையில் ஊன்றுவது வழக்கம். அன்று முந்திரிக்காட்டுப் பக்கமிருந்து ஒரு மயில் அகவிற்று. எதிர்வீட்டில் யாரோ குடத்தைக் குழாயடியில் வைக்கும் ஓசை கேட்டது. என் கொல்லை மட்டும் மௌனமாக இருந்தது.

தவக்காலத்தின் பிற்பகுதி அது. குருத்து ஞாயிறு இன்னும் வந்திருக்கவில்லை. முந்திரிப்பழம் விழுந்து அழுகும் புளிப்பு வாடை, அரியலூர் மாவட்டத்தின் இந்தக் கிழக்கு மூலையில், அந்நாட்களில் வீட்டுக்குள் வரை வரும். அந்த வாடையின் ஊடே பின்கதவைத் திறந்தேன்.

பெட்டைகள் கூட்டுக்குள் முனகிக்கொண்டிருந்தன. சேவல் கூட்டுக்குள் அடைவதில்லை. முருங்கைக் கிளையில்தான் உறங்கும். கிளை வெறுமையாக இருந்தது. விறகுக் குவியலுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி, வகுப்பில் நிற்க வைக்கப்பட்ட பிள்ளையைப் போல அது நின்றிருந்தது. கழுத்து உடலுக்குள் புதைந்திருந்தது. இறகுகள் சிலிர்த்திருந்தன. செம்பருத்தி நிறக் கொண்டை நாவற்பழம்போல் கறுத்திருந்தது. காலடியில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல்.

“என்னய்யா?” என்றேன்.

ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது, பிறகு மூடிக்கொண்டது.

சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், வேலியோரத்துக் கீழாநெல்லி ஆகியவற்றை அம்மியில் வைத்து அரைத்தேன். என் மனைவி லூர்து இதைச் செய்யப் பலமுறை பார்த்திருக்கிறேன். என் கை செய்தது அதுவே முதல்முறை. உருட்டி அலகைத் திறந்து உள்ளே தள்ளினேன். விழுங்கிற்று. உச்சி வெயிலில் அதன் கழுத்து ஒரு பக்கமாகத் திருகத் தொடங்கியது. வானத்தில் எதையோ தேடுவதுபோலத் தலை பின்னோக்கி வளைந்தது. மாலை மணிக்கு முன்பாக, என் தோள் துண்டின்மேல், இரண்டு முறை காலை நீட்டி மடக்கி அடங்கிவிட்டது.

மாலை மணி அடித்தபோது அதை நான் மடியில் வைத்திருந்தேன். உடல் இன்னும் சூடாகவே இருந்தது.

பெயர் வந்த விதம்

அந்தச் சேவலுக்கு ‘உபதேசியார்’ என்று பெயர். பெயரைச் சூட்டியவள் என் மனைவி.

எங்கள் கோயிலில் சாமியார் வராத நாட்களில் உபதேசியார்தான் செபத்தை முன்னின்று சொல்வார். சொல்லத் தொடங்குமுன் குதிகாலை உயர்த்தி, கழுத்தை நீட்டி, தொண்டையை ஒருமுறை செருமிக்கொள்வார். சேவற்குஞ்சு முதன்முதலாகக் கூவ முயன்ற நாளில் அதே பாவனை அதனிடம் இருந்தது. லூர்து முறத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

“இங்க பாருங்க, நம்ம உபதேசியாரு அப்படியே எறங்கி வந்திருக்காரு.”

செய்தி உண்மையான உபதேசியாரின் காதுக்கும் எட்டியது. அவர் கோபித்துக்கொள்வார் என்று அஞ்சினேன். ஒருநாள் வழியில் என்னை நிறுத்தி, “ஏம்ப்பா சவரிமுத்து, ஒங்க வூட்டு உபதேசியாரு என்னையவிட ஒழுங்கா நேரத்துக்கு எந்திரிக்கிறாராமே? பங்குச்சாமிகிட்ட சொல்லிப்புடாத, என் வேல போயிரும்” என்றார்.

லூர்து இறந்த பிறகு அந்தப் பெயரைச் சொல்லி அழைக்க நான் ஒருவனே எஞ்சினேன்.

சேவல்களிடம் ஒரு குணம் உண்டு. புழுவோ தானியமோ கண்டால் தாமே உண்டுவிடுவதில்லை. கொக்கொக்கென்று அழைத்துப் பெட்டைகள் வந்து கொத்தும்வரை பொறுத்திருக்கும். நான் தனியே உணவருந்தும் வேளையில் உபதேசியார் பின்வாசற்படியில் வந்து நிற்பார். ஒரு பிடிச் சோற்றைப் போட்டால் கூட்டத்தைக் கூவி அழைப்பார். அழைப்பது பெட்டைகளைத்தான் என்பதை அறிவேன். எனினும், உணவு வேளையில் அந்த வீட்டில் ஒருவர் ஒருவரை அழைக்கும் சத்தம் அது ஒன்றே.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எழுதிய வாக்கியத்தை உரக்கப் படித்துப் பார்த்தால்தான் அதன் குறை எனக்குத் தெரியவரும். பத்திரிகைக்கு நான் எழுதிவரும் இத்தொடரின் தொடக்க அத்தியாயங்களைக் கொல்லைப்புறத்தில் அமர்ந்து அவ்வாறே படித்துத் திருத்தினேன். கேட்டுக்கொண்டு நின்றது சேவல் உபதேசியார்தான்.

குரும்பலூரில் ஒரு மழைக்காலம்

என் மகள் ஆரோக்கியமேரி பெரம்பலூரை அடுத்த குரும்பலூரில் வாழ்கிறாள். மருமகன் நல்லவர். மாடியில் எனக்கென்று ஓர் அறையும், அதில் ஒரு மின்விசிறியும், சன்னலுக்குப் புதிய திரைச்சீலையும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். லூர்து மறைந்த ஆண்டின் மழைக்காலத்தை அங்கே கழித்தேன்.

ஒரு குறையும் கூறுவதற்கில்லை. காப்பி கட்டிலுக்கு வரும். வேட்டி துவைத்து மடித்து வரும். தண்ணீர் பிடிக்க எழுந்தால், “நீங்க ஒக்காருங்கப்பா” என்பாள். காய் நறுக்கப் போனால், “ஒக்காருங்கப்பா.” அந்த மழைக்காலம் முழுவதும் நான் உட்கார்ந்தே இருந்தேன்.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டி வயிறு வளர்த்தவன் நான். பாறை வெடிக்கும் சத்தத்தில் வாழ்ந்த காதுகளுக்கு அந்த அமைதி பழகவில்லை. மழை விட்டதும், “கோழிங்கள யாரு பாத்துக்கறது?” என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டேன். எதிர்வீட்டுப் பிலோமினா நன்றாகவே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

அன்று முதல் அந்தக் கோழிகளே என் காரணமாயின. அவை உள்ளவரை என்னை இவ்வீட்டிலிருந்து பெயர்க்க எவராலும் இயலாது. அவை இல்லையென்றால், ‘ஏன் அங்கே தனியாகக் கிடக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

உபதேசியார் இறந்த அன்று மாலையே தொலைபேசியில் அவளிடம் சொன்னேன். 

“அம்மா வளத்ததுல்ல” என்றாள். பிறகு, “மத்ததெல்லாம்?”

“நல்லாத்தான் இருக்குது.”

“அதுங்களுக்கும் வந்திச்சின்னா, அப்பறம் நீங்க வந்துரணும்பா. சாக்குப்போக்கு சொல்லக்கூடாது.”

கொல்லையில் ஒன்பது பெட்டைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் எச்சத்தையும் குனிந்து பார்த்தேன்.

சுத்தபோசனமும் கோழிச்சீக்கும்

மற்ற ஊர்களில் கோழிக்குச் சீக்கு கண்டால், அது சாவதற்கு முன் அறுத்துக் குழம்பு வைத்துவிடுவார்கள். எங்கள் ஊரில் அது இயலாது. தவக்காலம் முழுவதும் நாங்கள் சுத்தபோசனம்; புலால் வீட்டு வாசலை மிதிக்காது. ஆகவே தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனிலிருந்து ஒரு கோழிகூட அறுபடாமல், ஈஸ்டருக்கென்று ஒவ்வொரு கொல்லையிலும் பெருகி நிற்கும். வெயிலும் ஏறும். வெள்ளைக் கழிச்சலுக்கு இதைவிட வாய்ப்பான காலம் இல்லை.

சீக்குக் கோழியை உண்ணவும் கூடாது, வைத்திருந்தால் சாகும் என்ற நிலையில் எங்கள் ஊரார் கண்டுகொண்ட வழி ஒன்றுண்டு. வாயைத் திறக்காமல், ஊர் ஊராகக் கோழி வாங்க வரும் கூடைக்காரரிடம் கொடுத்துவிடுவது. அவர் அதை வண்டியில் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார். அடுத்த ஊரும் எங்களைப் போன்றதே. அங்கிருந்தும் சில கோழிகள் அதே கூடையில் ஏறும். ஒவ்வொரு தவக்காலத்திலும் சீக்கு இவ்வண்ணம் வண்டியேறி ஊர் ஊராகச் சுற்றி வந்தது. இது எவருக்கும் தெரியாத செய்தியன்று.

உபதேசியாரை வேலியோரம் புதைத்துக்கொண்டிருந்தபோது பிலோமினா தெருவைக் கடந்து வந்து வேலிக்கு வெளியே நின்றாள். முந்திரிக்கொட்டை பொறுக்கிய கூடை இடுப்பில் இருந்தது. கணவனை இழந்து, மகனைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்டு, அவளும் தனியாகத்தான் இருக்கிறாள். ஆனால் அவள் வாய்க்குத் தனிமை தெரியாது.

“கழிச்சலா, பெரியப்பா?”

“ஆமாம்மா.”

குரலைத் தாழ்த்தினாள். “சத்தம் போடாதீங்க. நாளைக்கிக் கூடைக்காரரு வராரு. மிச்சத்தப் புடிச்சிக் குடுத்துருங்க. சேவ எங்கன்னு கேட்டா, கீரி புடிச்சிட்டுப் போயிட்டுன்னு சொல்லுங்க.”

“எல்லாத்தையுமா?”

“பின்ன? வச்சிக்கிட்டுச் செபமா சொல்லப்போறீங்க? நாளக்கழிச்சி ஒண்ணு ஒண்ணாத் தூக்கிப் பொதைப்பீங்க. ஒங்களுக்கு இடுப்புவலி வேற.”

அவள் கூறியதில் தவறு காண இயலவில்லை. ஊர் வழக்கம் அது.

கூடைக்காரர் வந்தார்

மறுநாள் காலை கூடைக்காரர் செல்வராசு வண்டியை நிறுத்தினார். பின்புறம் இருபக்கமும் மூங்கில் கூடைகள்; வலையின் இடுக்குகளில் கோழிகளின் தலைகள். கொல்லையை ஒருமுறை பார்வையால் அளந்தார்.

“சேவ எங்கய்யா? பெருசா ஒண்ணு நிக்குமே.”

கீரி என்ற சொல் என் நாவில்தான் இருந்தது.

“செத்துட்டுது. வெள்ளக் கழிச்சல்.”

அவர் தெருவை இருபுறமும் பார்த்தார். “மெதுவாய்யா, மெதுவா! காலங்காத்தால யாவாரத்தக் கெடுத்துப்புடாதீங்க. சரி, சீக்கு எல்லா எடத்துலயும் உள்ளதுதான். கொஞ்சம் முன்னபின்ன பாத்துப் போட்டுக்குவோம். புடிங்க.”

நான் அசையவில்லை.

“என்னய்யா? வெலை கட்டாதா?”

“குடுக்கறதில்லன்னு இருக்கேன்.”

“வச்சிருந்து என்ன பண்ணுவீங்க?”

“வச்சிருப்பேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வண்டியை உதைத்தார். “நல்ல ஆளய்யா நீங்க. அடுத்த வூட்டுலயாச்சும் இதச் சொல்லாம இருங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

இதனை அறச்செயல் என்று வாசகர்கள் கொள்ளலாகாது. அடுத்த ஊர்க் கோழிகளை நினைத்து நான் மறுக்கவில்லை. ஒன்பதும் அந்தக் கூடைக்குள் ஏறிய பின், பின்கதவைத் திறந்தால் என்ன இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

கால்நடை மருத்துவர் சொன்னது

அன்று முற்பகலே பேருந்து ஏறிக் கால்நடை மருந்தகத்துக்குச் சென்றேன். மருத்துவர் ஓர் இளம்பெண். மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டே நான் சொல்வதைக் கேட்டார்.

“ஊசி இருக்குதுங்கய்யா. ஆனா ஒரு குப்பி நூறு கோழிக்கு உள்ளது. கரைச்சிட்டா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிச்சிரணும். ஒங்க ஒரு வூட்டுக்குன்னு ஒடைக்க முடியாது. தெருவுல எல்லாரையும் ஒரே எடத்துக்குக் கோழியக் கொண்டாரச் சொல்லுங்க, நானே வந்து போடுறேன்.”

“வரச் சொல்லுறேம்மா. என் கோழிங்களயும் அங்கயே கொண்டாந்துடுறேன்.”

அவர் மாட்டை விட்டு நிமிர்ந்தார்.

“ஒங்களதுக்குப் போடக்கூடாதுங்கய்யா.”

எனக்குப் புரியவில்லை.

“சீக்கு உள்ள எறங்கியிருந்திச்சின்னா, வெளிய தெரியாது. அப்ப ஊசி போட்டா இன்னும் சீக்கிரம் போயிரும். ஒங்களத அடைச்சி வச்சிப் பாத்துக்கிட்டு இருக்கறதுதான். தப்பிக்கிறது தப்பிக்கும். மத்தவங்க கோழிய வேணா இப்பக் காப்பாத்தலாம்.” பிறகு என் காலைப் பார்த்தார். “இன்னொண்ணு. நீங்க யாரு வூட்டுக் கொல்லைக்குள்ளயும் போயிராதீங்க. ஒங்க காலு, வேட்டி, எல்லாத்துலயும் அது இருக்கும். தெருவுலயே நின்னு சொல்லிட்டு வந்துருங்க. கொல்லையில சுண்ணாம்பு தெளிங்க. செத்தா ஆழமாத் தோண்டிப் பொதைங்க.”

திரும்பி வரும் பேருந்தில் அந்தக் கட்டளையை மனத்துக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். தெருவிலேயே நின்று சொல்ல வேண்டும்.

தெருவில் நின்றவர்கள்

இவ்விடத்தில் பழைய செய்தி ஒன்றைக் கூறியாக வேண்டும்.

என் தந்தையார் பிறர் நிலத்தில் உழைத்தவர். கூலி கேட்கவோ, ஏர் பூட்ட வரவா என்று வினவவோ சென்றால், நிலக்காரர் வீட்டு வாசலுக்கு எதிரே தெருவில் நின்று குரல் கொடுப்பார். உள்ளிருந்து யாராவது வரும்வரை வெயிலில் நிற்பார். சிறுவனாய் இருந்த நான் அவர் நிழலில் நிற்பேன். என் தந்தையாரின் குரல் அப்போது வேறு ஒருவருடைய குரலாக மாறிவிடும்.

சுரங்கத்தில் வேலை கிடைத்து, முதன்முதலாகச் சம்பளத்தில் செருப்பு வாங்கி அணிந்த பின், எந்த வீட்டின் எதிரிலும் தெருவில் நின்று கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். உள்ளே அழைப்பவர் வீட்டுக்குச் சென்றேன். மற்ற வீடுகளுக்குப் போகவில்லை. இவ்வளவு காலம் அது நிலைத்தது.

இப்போது என் தெருவிலேயே, என் உறவினர்களும் என்னோடு கோயிலில் மண்டியிடுபவர்களும் வாழும் வீடுகளின் எதிரே, நடுத்தெருவில் நின்று கூப்பிட்டேன்.

“ஏம்ப்பா, வூட்டுல யாரு? நான் சவரிமுத்து.”

“வாங்க பெரியப்பா, என்னா வெளியவே நிக்கிறீங்க? வந்து ஒக்காருங்க.”

“இல்லப்பா, இங்கயே நிக்கிறேன்.”

“என்னாங்க கோவம்? நாங்க என்ன செஞ்சோம்?”

ஒவ்வொரு வீட்டிலும் இதுவே நடந்தது. என் சேவல் சீக்கில் இறந்தது என்பதையும், கோழிகளைத் தண்ணீர்த்தொட்டி அருகே கொண்டுவர வேண்டும் என்பதையும், ஏன் உள்ளே வரவில்லை என்பதையும் உரத்த குரலில் சொல்ல வேண்டியிருந்தது. சிலர் வருத்தம் தெரிவித்தார்கள். ஒருவர், “உபதேசியாரு செத்ததுக்கு ஊரே ஊசி போட்டுக்கணுமா? துக்கத்துக்குக் கறுப்புத் துணி கட்டுனா பத்தாதா?” என்று கேட்க, அந்த வீட்டுக்குள் பலர் சிரித்தார்கள். என் குரல் உயர உயர, அது என் குரலாக ஒலிக்கவில்லை. யாருடைய குரல் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

பிலோமினா இடுப்பில் கைவைத்து வாசலிலேயே நின்றாள்.

“நல்லா தமுக்கடிச்சீங்க! வாயத் தொறக்காதீங்கன்னு ஒங்க நல்லதுக்குச் சொன்னேன். இப்ப கூடைக்காரன் இந்தத் தெருவுக்கே வரமாட்டான். ஈஸ்டருக்கு வித்து மவனுக்குச் சட்ட எடுக்கலாம்னு இருந்தேன், அதுல மண்ணு விழுந்துட்டு.”

“ஊசி போட்டா ஒன் கோழி பொழைச்சிக்கும் பிலோமி.”

“ஒங்களது?”

“எனக்குப் போடமாட்டாங்களாம்.”

அவள் இடுப்பிலிருந்த கையை எடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தண்ணீர்த்தொட்டியடியில்

குறித்த காலையில் மருத்துவர் வந்தார். நான் என் வீட்டு வாசல் கேட்டுக்கு உள்ளேயே நின்றேன். அங்கிருந்து பார்த்தால் தண்ணீர்த்தொட்டி தெரியும்.

கோழிகள் சாக்கிலும், கூடையிலும், மடித்த சேலையிலும், பால்கேனிலும்கூட வந்தன. கால்கட்டு அவிழ்ந்து ஒரு சேவல் தப்பியோட, பாதி ஊர் அதன் பின்னே ஓடிற்று. யாரோ யாரையோ திட்டினார்கள். யாரோ விழுந்து எழுந்தார்கள். உண்மையான உபதேசியார் இரு கைகளிலும் இரு பெட்டைகளைத் தலைகீழாகப் பிடித்து வரிசையில் நின்று, தமக்கு முன்னால் புகுந்தவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். திருவிழாவுக்குக்கூட எங்கள் தெரு இவ்வாறு ஒன்றுகூடிப் பார்த்ததில்லை.

நான் கூட்டிய கூட்டம் அது. அவர்களின் பேச்சு என் கேட்டு வரை வரவில்லை. சிரிப்பு மட்டும் வந்தது.

கொல்லைக்குத் திரும்பியபோது, சாம்பல் நிறப் பெட்டை ஒன்று இரையைத் தொடாமல் ஒதுங்கி நின்றிருந்தது.

எத்தன இருக்கு என்ற கேள்வி

அதன் பிறகு நடந்தவற்றை விரிவாக எழுத விரும்பவில்லை. சுண்ணாம்புக்கல்லில் ஆயுளைக் கழித்த கையால் கொல்லை முழுவதும் சுண்ணாம்பு தெளித்தேன். நோய் கண்டதை விலக்கிப் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடினேன். தோண்டினேன். மூடினேன். மறுபடியும் தோண்டினேன். இடுப்பு வலித்தது.

முதல் பெட்டை இறந்த மறுநாள் காலை, முந்திரிக்காட்டுக்குப் புறப்பட்ட பிலோமினா தெருவின் அந்தப் பக்கத்திலேயே நின்றாள். ஊசி போட்ட கோழிகள் அவள் கொல்லையில் இருந்தன. அவளும் என் பக்கம் வரக்கூடாது என்பது மருத்துவர் சொல்.

“எத்தன இருக்கு?” என்று கத்தினாள். குரலில் இன்னும் கோபம் இருந்தது.

“எட்டு!”

தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். பால் ஊற்றப் போகிறவர், பள்ளி வேனுக்குப் பிள்ளையை அனுப்ப வருபவள், பூசைக்குப் போகிற உபதேசியார் எல்லாரும் என் கேட்டுக்கு நேரே தெருவின் மறுபக்கத்தில் ஒரு கணம் நிற்பார்கள். “எத்தன, பெரியப்பா?” நான் சொல்வேன். நாக்கால் ‘த்சொ’ என்று ஒலிப்பார்கள், அல்லது, “நேத்தும் அதான? அப்ப நின்னுட்டுது, நின்னுட்டுது” என்பார்கள். காலையில் அவர்களுக்குச் சொல்வதற்காக நான் எழுந்தவுடன் கூட்டருகே சென்று எண்ணிவிட்டு, முகம் கழுவிச் சட்டை அணிந்து கேட்டருகே வந்து நிற்கலானேன். லூர்துவின் அடக்கத்துக்குப் பிறகு இத்தனை பேர் என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை.

மகளும் மாலைதோறும் அதையே கேட்டாள். “நாலு” என்று சொன்ன நாளில் அவள், “துணிமணிய எடுத்து வைங்கப்பா. ஈஸ்டர் முடிஞ்சதும் அவர வண்டியோட அனுப்புறேன்” என்றாள். நான் மறுக்கவில்லை. மறுக்கும் உரிமை நான்கு கோழிகளாகச் சுருங்கியிருந்தது.

ஈஸ்டரன்று நண்பகலில் தெருவெங்கும் குழம்பு வாசனை. பிலோமினா மூடி போட்ட தூக்குவாளி ஒன்றைக் கொண்டுவந்து நடுத்தெருவில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றாள்.

“எடுத்துக்கிங்க. பாத்திரத்தத் திருப்பித் தர வேணாம், நீங்களே வச்சிக்கிங்க. டாக்டரம்மா திட்டும்.”

“ஒங் கோழியா?”

“பின்ன ஒங்க கோழியா? ஊசி போட்டதெல்லாம் கல்லாட்டம் நிக்கிது. பெருசா ஒண்ணப் புடிச்சிக் கடையில வாங்குன கறியோட போட்டேன். எத்தன இருக்கு?”

“மூணு.”

“தின்னுட்டுச் சொல்லுங்க, உப்பு சரியா இருக்கான்னு.”

குழம்பு மிக நன்றாக இருந்தது. வீட்டில் தனியே அமர்ந்து முழுவதையும் உண்டேன். உப்பைப் பற்றித் தெருவின் குறுக்கே கத்திச் சொன்னேன்.

மூன்று

அந்த மூன்றும் சாகவில்லை. மருத்துவர் தொலைபேசியில் விசாரித்து, இனி அஞ்சத் தேவையில்லை என்றும், சற்றுக் காலம் கழித்து அவற்றுக்கும் ஊசி போடலாம் என்றும் கூறினார். அவரைப் போலவே எல்லாரும் மகிழ்ந்தார்கள். மருமகன் வண்டியோடு வந்த ஞாயிறன்று மூன்று கோழிகளையும் கொல்லையில் நின்று பார்த்தார். ஊருக்குத் தொலைபேசி செய்து, “மூணு இருக்குது, வரமாட்டாரு” என்று என் மகளிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். துணிப்பையைப் பிரித்து வேட்டிகளை மீண்டும் கொடியில் போட்டேன்.

நான் விரும்பியது எனக்குக் கிடைத்தது. இவ்வீட்டிலேயே இருக்கிறேன்.

சேவலற்ற பெட்டைகள் அரவமின்றி மேய்பவை. இரையைக் கண்டால் எவரையும் அழையாமல் தனித்தனியே கொத்திக்கொள்கின்றன. விடியலில் மணி ஓய்ந்ததும் பக்கத்துக் கொல்லைகளில் சேவல்கள் கூவுகின்றன. எல்லாம் ஊசி போட்டுப் பிழைத்தவை. நான் எழுந்துகொள்கிறேன்.

அந்த வாரத்துக்குள் ஒரு காலை, வழக்கம்போல் கோழிகளை எண்ணி, முகம் கழுவி, சட்டை அணிந்து கேட்டருகே நின்றேன். பால் ஊற்றுபவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சென்றார். பள்ளி வேன் வந்து போயிற்று. பிலோமினா கூடையோடு கிளம்பி வந்தாள்.

“என்னா பெரியப்பா, காலையில சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க? எங்கயும் கெளம்பிட்டீங்களா?”

“இல்லம்மா.” பிறகு, அவள் கேட்காமலேயே, “மூணு இருக்குது” என்றேன்.

“அதான் நின்னுட்டுதே!” என்று சிரித்தாள். “இனிமே அதுக்கு ஒண்ணும் வராது. நீங்க உள்ள போய்ப் படுங்க, வெயில் ஏறுது.”

அவள் முந்திரிக்காட்டை நோக்கி நடந்தாள். அவள் திரும்பும் வளைவு வரை பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் வேறு எவரும் வரவில்லை. கேட்டைச் சாத்திவிட்டுச் சட்டையைக் கழற்றினேன்.